காலரில் மாட்டிய குடை

எங்கள் வீட்டு இஸ்தோப்பில், கதவுக்குப் பக்கத்து ஆணியில், ஒரு கறுப்புக் குடை தொங்குகிறது. லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டுக்கு முன்னால் இறக்கிய தாழ்வாரத்தை நாங்கள் இஸ்தோப்பு என்போம். குடையின் துணி வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டு கம்பிகள் நூலால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. மரப்பிடியின் வளைவு, சட்டைக் காலரில் உரசி உரசி, உட்பக்கம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்து கிடக்கிறது. காலையில் ஒரு பெண் வந்து அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். மாலையில் கொண்டுவந்து மாட்டுகிறாள். திரும்பி வரும்போது துணியில் சிலந்தி நூல் ஒட்டியிருக்கும். அந்த நூல் ஏன் ஒட்டுகிறது என்று சொல்ல வேண்டுமானால் என் மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடை அவருடையது.

நாங்கள் வேலை செய்வது பலாங்கொடைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்துக் கங்காணிமார் எல்லோரும் குடையைக் கையில் பிடிக்க மாட்டார்கள். சட்டைக் காலரின் பின்பக்கத்தில் பிடியை மாட்டி, முதுகில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். இரண்டு கையும் சும்மா இருக்கும். மலையில் பெண்கள் குனிந்து கொழுந்து எடுப்பார்கள். கங்காணி அவர்களுக்குப் பின்னால் நிற்பார். யாருடைய கை வேகமாகப் போகிறது, யார் முற்றல் இலை பறிக்கிறாள், யார் பேசுகிறாள் என்று பின்னால் இருந்தே பார்த்துக்கொள்வார். அவர் திரும்பும்போது குடையும் கூடவே ஆடும். அதைப் பார்த்தே அவர் எங்கே நிற்கிறார் என்று ரோட்டில் இருக்கும் எனக்குத் தெரியும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று தோட்டத்தில் பேர் பதிந்தவன். ரோட்டோரத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில், எடைபோட்ட இலையைச் சாக்கில் கட்டி லொறிக்கு ஏற்றுவது என் வேலை. நாலு பேர் கூடும் இடத்தில் எனக்குப் பேச வராது. அதனால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மதினி எங்கள் தோட்டத்தில் பிறந்தவர் அல்ல. புளத்கொகுபிட்டியப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்து அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். வேதக்காரக் குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் பால் வெட்டும் வேலை செய்தவர். ரப்பரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி மரம் உண்டு. விடிந்ததும் கத்தியோடு தன் மரங்களுக்குப் போய் வெட்டிவிட்டு, பிறகு பாலைச் சேர்த்துக்கொண்டு வர வேண்டியதுதான். தேயிலைக்கு வந்த புதிதில் அவர் கை மெதுவாகத்தான் போனது. அதைவிட, முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பதுதான் அவருக்குப் பழகவே இல்லை. "எங்க தோட்டத்துல மரம் நமக்கு முன்னால நிக்கும். பின்னால யாரும் நிக்க மாட்டாங்க" என்று அடிக்கடி சொல்வார்.

மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒருநாள் மலையில் ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது. மலையில் மறைவிடம் என்று எதுவும் கிடையாது. கங்காணியிடம் கேட்டுவிட்டு, தண்ணீர் வடியும் கானுக்கு அந்தப் பக்கம் போய் வர வேண்டும். மதினி கேட்டார். கங்காணி உடனே விடவில்லை. "காலையில வீட்டுல என்ன குடிச்ச, ஒரு வாளி தேத்தண்ணியா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சில பெண்களும் சிரித்தார்கள். அன்று மாலை மதினி வீட்டுக்கு வந்து தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல் அண்ணனிடம் சொன்னார். "நான் கங்காணி ஆவேன்."

அண்ணன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆள். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "வீட்டுல பண்ற கங்காணித்தனம் பத்தலையா?" என்றார்.

"வீட்டுல யாரு சம்பளம் குடுக்கிறா?" என்றார் மதினி. அண்ணன் சிரித்துவிட்டார். மதினி சிரிக்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் அதுவரை பெண் ஒருத்தி கங்காணியாக இருந்ததில்லை. பிள்ளை பிறந்து சில மாதம் கழித்து, பலாங்கொடைக்குச் சாமான் வாங்கப் போனபோது மதினி இந்தக் குடையை வாங்கி வந்தார். ஒரு கங்காணி வேலையில் இருந்து நின்றதும், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்துக்குக் குடையோடு போய், கணக்கப்பிள்ளையிடம் அந்த வேலையைத் தனக்குத் தரும்படி கேட்டார். கணக்கப்பிள்ளை சிங்களவர். எங்களோடு பாதி தமிழும் பாதி சிங்களமுமாகப் பேசுவார். கெட்ட மனிதர் இல்லை. அவர் இரண்டு கையையும் ஆட்டி, "எப்பா அக்கே, எப்பா" என்றார். வேண்டாம் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். அதற்குள் ஆண்கள் வரிசையில் இருந்து ஒருவர், "குடைய எங்க மாட்டுவ புள்ள? உனக்குத்தான் காலர் இல்லையே" என்றார். களம் முழுக்கச் சிரித்தது. மதினி குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூடையை எடுத்து மாட்டினார். அதற்குப் பிறகு அந்தக் குடை உள்ளறையில் தொங்கியது. மழைக்குக்கூட அதை எடுக்க மாட்டார். நனைந்துகொண்டே கடைக்குப் போவார். கேட்டால், "அது வேலைக்குள்ளது" என்பார்.

சில வருடங்கள் போயின. எங்கள் மலைக் கங்காணி நெஞ்சு நோவு வந்து படுத்தார். அந்த இடத்தைப் பார்க்க ஆள் இல்லை. மதினி மறுபடி கேட்டார். அவர் வரும் வரைக்கும் பாருங்கள் என்று கணக்கப்பிள்ளை ஒத்துக்கொண்டார். அந்தக் கொஞ்ச நாட்கள் மதினியின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குடையைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்களுக்குப் பின்னால் நிற்பார். ஒதுங்கப் போக வேண்டியவள் கேட்க வேண்டியதில்லை, போய்விட்டு வரலாம். தேயிலைச் செடிகளுக்கு இடையே ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டு போகும் வரிசையை நிரை என்போம். காலையில் அந்த நிரையைப் பிரித்துக் கொடுப்பதில்தான் கங்காணியின் நல்லதும் கெட்டதும் தெரியும். மேட்டு நிரை மூச்சு வாங்கும். சம நிரையில் கால் நோகாது. வேண்டியவர்களுக்குச் சம நிரை, வேண்டாதவர்களுக்கு மேடு என்றுதான் வழக்கம். மதினி அந்த வழக்கத்தை விட்டார். வயதானவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் சமத்தில் விட்டு, மற்றவர்களை மேட்டுக்கு ஏற்றினார்.

எங்கள் லயத்துக் கோடி வீட்டில் ஓர் அத்தை இருந்தார். சொந்த அத்தை இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். முழங்கால் வீங்கி, மேடு ஏற முடியாமல் தவித்தவர். ஒருநாள் அவருக்கு மதினி ஓடை ஓரத்துச் சம நிரையைக் கொடுத்தார். அந்த நிரையின் முடிவில் பெரிய மரம் ஒன்று நிற்கிறது. அத்தை சந்தோஷமாக, "இன்னைக்குத்தான் தாயி என் காலு என்னை ஏசாம இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு போனார். மரத்தின் மேல் கிளையில், இலைக்குள்ளே, குளவி கூடு கட்டியிருந்தது யாருக்கும் தெரியாது. வெயில் ஏறிய நேரத்தில் பருந்து கொத்தியதோ, காற்றில் கிளை முறிந்ததோ, கூடு கலைந்துவிட்டது.

நான் ரோட்டில் சாக்குக் கட்டிக்கொண்டிருந்தேன். முதலில் கூப்பாடு கேட்கவில்லை. பெண்கள் பேசிக்கொண்டிருந்த சத்தம் நின்றதுதான் கேட்டது. பிறகு, "குளவி, குளவி" என்று கத்திக்கொண்டு எல்லோரும் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். அத்தையால் ஓட முடியவில்லை. மதினி மட்டும் எதிர்த் திசையில், கீழே, மரத்தைப் பார்த்து ஓடினார். நான் சாக்குகளை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அவர் தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அத்தையின் மேல் போர்த்தி, அதன்மேல் தானும் கவிழ்ந்து கிடந்தார். ஆட்கள் தீ மூட்டிப் புகை போட்டபின்தான் இருவரையும் தூக்க முடிந்தது. கொழுந்து லொறியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அத்தை வழியில் போய்விட்டார். மதினியின் முகம் வீங்கிக் கண் தெரியவில்லை. "அத்தைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றே மதினி கோடி வீட்டுக்குப் போனார். நானும் அண்ணனும் கூடப் போனோம். அத்தைக்கு ஒரே மகள். அப்போதுதான் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தவள். இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவில்லை. மதினியின் வீங்கிய முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எங்கம்மாவுக்கு நெர குடுத்தீங்களே, நீங்க எங்க நின்னீங்க?"

"பின்னால" என்றார் மதினி.

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தபிறகு நாங்கள் ஆறுதலுக்கு எவ்வளவோ சொன்னோம். கூடு இருந்தது யாருக்குத் தெரியும் என்றார் அண்ணன். மதினி அதைக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் மனதில் கிடந்தது நிரை கொடுத்தது அல்ல. தான் பின்னால் நின்றதுதான். கங்காணி பின்னால்தான் நிற்க வேண்டும் என்றுதானே அவரும் பார்த்திருந்தார், எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

கங்காணி வேலையை எடுத்துவிட்டார்கள். அவரைத் திட்டவோ கடிதம் கொடுக்கவோ இல்லை. பிரட்டில் கணக்கப்பிள்ளை, "நிரை குடுத்தது யாரு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். மதினி மறுபடி கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போனார். பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் உட்காருவதைக் குறைத்துக்கொண்டார்கள். அத்தை மகள் அவர் இருக்கும் நிரைக்கு அடுத்த நிரையை எடுக்கவே மாட்டாள். அந்த வருடங்களில் மதினி குடையைப் பற்றிப் பேசவில்லை. தூசி தட்டி வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

பிறகு தோட்டத்தை நடத்த ஒரு புதுத் துரை வந்தார். இளம் வயது. கங்காணிக்கு ஆட்களின் பெயரை எழுதத் தெரிந்திருக்க வேண்டும், அப்படி எழுதுகிறவர் ஆணோ பெண்ணோ பரவாயில்லை என்று அவர் சொன்னதாக லயத்தில் பேச்சு வந்தது. மதினி மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுத்து முக்கால்வாசி மறந்திருந்தது. அன்று சாயந்தரம் என்னிடம் வந்து, "தம்பி, உங்களுக்குத் தெரிஞ்சத எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. நானே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இருவருமாக அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, பிள்ளையின் சிலேட்டில் லயத்து ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினோம். அண்ணன் பெயரைத் தப்பாக எழுதிவிட்டு, "இப்படி இருந்தாலும் ஆளு இவருதானே" என்பார். அண்ணன் எட்டிப் பார்த்து, "காலு ஒன்னு கொறையுது, அதயும் போடு. நான் மலை ஏறணும்" என்பார். அத்தை மகளின் பெயரை மட்டும் மதினி தப்பில்லாமல் எழுதினார். நான் சொல்லிக் கொடுக்கும் முன்பே அதை அவர் தனியாக எழுதிப் பழகியிருந்தார் என்று தோன்றியது.

துரைக்கு முன்னால் அவர் எழுதிக் காட்டினார். துரை சந்தோஷப்பட்டு, சொல்லி அனுப்புகிறேன் என்றார். நாங்கள் காத்திருந்தோம். அடுத்த மாதம் பிரட்டில், தொழிற்சங்கத்துத் தலைவர் ஒருவரின் மருமகன் புதுக் குடையைக் காலரில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். வேலை அவனுக்குப் போய்விட்டது. மதினி அவனிடம் போய், "துணி நல்லா இருக்கு தம்பி, எங்க வாங்குனீங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பையன் பாவம், கடையின் பெயரைச் சொன்னான்.

அன்று மாலை மதினி எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். ஆய்ந்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் மெதுவாகச் சொன்னார். "விட்டுருவோமே புள்ள."

"நீங்க எதப் புடிச்சீங்க, விடுறதுக்கு?" என்றார் மதினி திரும்பாமலே.

அண்ணன் வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து இஸ்தோப்புக்கு வந்து பார்த்தால், உள்ளறையில் தொங்கிய குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பழசாகித் தையல் விட்டுப்போன இரண்டு கம்பிகளையும் நூல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு எடுத்துப்போய் உள்ளறை ஆணியிலேயே மாட்டினார்.

பெட்ரோலுக்கும் மாவுக்கும் சனங்கள் வரிசையில் நின்ற காலம் வந்தது. தோட்டத்துச் சம்பளத்தில் சோறு ஆகாது என்று ஆண்கள் கொழும்புக்குப் போகத் தொடங்கினார்கள். முதலில் பொடியன்கள், பிறகு கல்யாணமானவர்கள். அந்தக் கங்காணிப் பையனும் ஒரு கடையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். மதினிக்கு அப்போது தலை பாதி நரைத்திருந்தது. ஒருநாள் கணக்கப்பிள்ளை தானே எங்கள் இஸ்தோப்புக்கு வந்து நின்றார். அவருக்கும் வயதாகியிருந்தது.

"அக்கே, ஆம்பள யாரும் இல்ல. கொஞ்ச நாளைக்கு நீங்க பாருங்க" என்றார்.

"கொஞ்ச நாளைக்குன்னா எப்பா, மாத்தயா" என்றார் மதினி. "பேரப் போட்டுக் குடுங்க. பாக்குறேன்."

கணக்கப்பிள்ளை சிரித்தார். முன்பொரு நாள் தான் சொன்ன 'எப்பா' அவருக்கும் நினைவிருந்திருக்கும். பதிவேட்டில் கங்காணி என்று பெயரைப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை மதினி என் அறை வாசலில் நின்று, "தம்பி, காலர் உள்ள சட்டை ஒன்னு குடுங்க" என்றார். என்னிடம் நீலச் சட்டை ஒன்று இருந்தது. கொழுந்துக்குப் போகும் பெண்கள் ஆண்களின் பழைய சட்டையை மேலே போட்டுக்கொள்வது வழக்கம்தான். மதினி அதுவரை காலர் வெட்டிய சட்டையைத்தான் போடுவார், கூடைக் கயிறு உறுத்தும் என்று. நீலச் சட்டையைப் போட்டு, எல்லாப் பொத்தானையும் மாட்டி, குடையை எடுத்துக் காலரில் தொங்கவிட்டார். கண்ணாடி பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தார். அண்ணன், "நேரா இருக்கு" என்றார்.

அன்று வேலை விழுந்தது அந்த ஓடை ஓரத்து மலையில். அது வேண்டும் என்றே விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. இலை அங்கேதான் முற்றிக்கொண்டிருந்தது. நான் ரோட்டில் சாக்குகளோடு நின்றேன். பெண்கள் மலையடியில் கூட்டமாக நின்றார்கள். யாரும் நிரைக்குப் போகவில்லை. மரம் அங்கே அப்படியே நின்றது, இன்னும் பெரிதாகி. யாருடைய மனதில் என்ன ஓடுகிறது என்பது எனக்குக்கூடத் தெரிந்தது. மதினி கொடுக்கிற நிரையை வாங்குவதா வேண்டாமா என்பதுதான். வாங்காவிட்டால், பெயர் போட்டுக் கொடுத்த கங்காணி வேலை அந்த ரோட்டிலேயே முடிந்துவிடும்.

மதினி அவர்களுக்குப் பின்னால் போய் நிற்கவில்லை. காலரில் இருந்து குடையை எடுத்து விரித்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். தனியாக நிரைகளுக்குள் இறங்கினார். செடிகளுக்கு மேலே கறுப்புக் குடை மட்டும் நகர்ந்து போவது எங்களுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு நிரையாகப் போய்த் திரும்பி, கடைசியில் மரத்தடிக்குப் போனது. அங்கே குடை மடங்கியது. மதினி தலையை அண்ணாந்து, மரத்தைச் சுற்றி வந்து, கிளை கிளையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் யாரோ, "கங்காணி முன்னால போறத இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள். கிண்டலாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

மதினி திரும்பி வந்தார். சட்டையெல்லாம் பனி ஈரம். குடைத் துணியிலும் தலைத்துணியிலும் சிலந்தி நூல் ஒட்டிக் கிடந்தது. காலையில் செடிகளுக்குள் முதலில் நுழைகிற ஆள் மேல்தான் அது ஒட்டும்.

"எல்லா நெரையும் பாத்தாச்சு. வாங்க" என்றார்.

யாரும் அசையவில்லை. பிறகு கூட்டத்தின் ஓரத்தில் இருந்து அத்தை மகள் வந்தாள். அதற்குள் அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். மரத்தைக் காட்டி, "அந்த நெரையக் குடுங்க" என்றாள்.

மதினியின் முகம் மாறியது. "அது உனக்கு வேணாம். நீ மேட்டுல எடுத்துக்க" என்றார்.

"நீங்க எங்க நிப்பீங்க?"

"முன்னால."

"அப்ப குடுங்க."

மதினி நிரையைக் காட்டினார். கொழுந்து தொடங்கும்போது கங்காணி 'பொலி' என்று குரல் கொடுக்க வேண்டும். முதல் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு பெண்கள் திருப்பிச் சொல்வார்கள். மலை பொலிய வேண்டும் என்று கேட்டுக்கொள்வது. மதினி வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. எத்தனை வருடம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாரோ. அத்தை மகள் மரத்தைப் பார்த்து நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், "பொலி" என்றாள். அதற்குப் பிறகுதான் மதினியின் குரல் எழுந்தது. மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் கையில் சாக்கைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். லொறிக்காரர் ஹோர்ன் அடித்த பிறகுதான் எனக்கு வேலை நினைவு வந்தது.

மதினி ஓய்வு பெறும் வரைக்கும் அப்படித்தான் வேலை செய்தார். காலையில் முதலில் அவர் உள்ளே போவார், பிறகு பெண்கள். மற்றக் கங்காணிமார் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. துரைக்கும் நேரம் போகிறது என்று குறை இருந்தது. மதினி மாற்றவில்லை. இரண்டு முறை கூட்டைக் கண்டு ஆட்களை வேறு மலைக்குக் கொண்டுபோனார். அதை அவர் பெருமையாகச் சொன்னதும் இல்லை. கோடி வீட்டு அத்தையின் திவசத்துக்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் போய்வருவார்.

இப்போது அவருக்கு மேடு ஏற முடியாது. மூச்சு வாங்குகிறது. இஸ்தோப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் வெற்றிலை இடித்துக் கொடுக்கிறார். தோட்டத்தில் இப்போது பெண் கங்காணிகளைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அவர்கள் தொப்பி போடுகிறார்கள், மழைக்கோட்டு இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. எங்கள் மலைக்கு அத்தை மகள்தான் கங்காணி. காலையில் குடையை எடுத்துப் போகிறவள் அவள்தான். அவளிடமும் மழைக்கோட்டு இருக்கிறது.

நேற்று மாலையும் வந்தாள். "எந்த மலை?" என்று மதினி கேட்டார்.

"ஓடைக்கர மலைதாங்க, அக்கா."

மதினி கையை நீட்டினார். அவள் குடையைக் கொடுத்தாள். மதினி அதை மடியில் வைத்து, துணியின் மேல் கையை மெதுவாக ஓட்டினார். விரலில் சிலந்தி நூல் ஒட்டியது. அதைச் சேலையில் துடைத்துவிட்டு, குடையை என்னிடம் நீட்டினார். நான் ஆணியில் மாட்டினேன்.